செல்லாத ஓட்டு

அப்பாவுக்கு,

மேலவைத் தேர்தல் முடிவு வந்துவிட்டது. ஒரே இட வித்தியாசத்தில் ஆளும் கட்சிக்குப் பெரும்பான்மை. இத்தனை நாள் அங்கே முடங்கிக் கிடந்த, யாரையும் நினைத்தபோது வேலையைவிட்டு அனுப்பும் சட்டம் இனி நிறைவேறும்.

நம் கட்சி வேட்பாளர் ஒரு ஓட்டில் தோற்றார். ஒன்று என்று எண் எழுத வேண்டிய இடத்தில் நீங்கள் டிக் அடித்ததால் உங்கள் ஓட்டு செல்லாமல் போனதாம். "கை பிசகிடுச்சும்மா" என்று போனில் சிரித்தீர்கள். இதே மாதிரி ஓட்டை முன்பு இரண்டு முறை ஒழுங்காகப் போட்ட எம்.எல்.ஏ. நீங்கள்.

தையல் கூடத்தில் பக்கத்து மெஷின் அக்கா கேட்டாள்: "உங்கப்பாவுக்கு ஒண்ணு எழுதத் தெரியாதாடி? அவருக்கு ஓட்டு கேட்டு நாங்க வீடு வீடா அலைஞ்சப்பவே சொல்லிக் குடுத்திருப்பேனே."

இனி எங்கள் கை பிசகினால் சூப்பர்வைசர் வாசலைக் காட்டுவார். உங்களுக்கோ ஆளும் கட்சி வாரியத் தலைவர் பதவி தருகிறதாமே.

புதுக் காரில் எங்கள் தெருப் பக்கம் வராதீர்கள். உங்களுக்காக அலைந்தவர்கள் இனிப் பகலிலும் வீட்டில்தான் இருப்பார்கள்.

மகள்