உங்களுக்கு வைக்காத சொம்பு

ஆமாம், நான்தான் எடுத்தேன். உங்கள் படையல் இலையின் ஓரத்தில் அம்மா கொண்டுவந்து வைத்த சொம்பை. உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். சாரல் காற்றில் அந்த வாசனை அறை முழுக்கப் பரவியிருந்தது. கழுத்து நெளிந்த அதே எவர்சில்வர் சொம்பு.

நீங்கள் போய் ஒரு வருஷம், அப்பா. அத்தை கறி சமைத்தாள். சித்தப்பா பிராந்தியைத் திறந்து இலைக்கு முன்னால் வைத்தார். யாருக்கும் கூச்சமில்லை. குடித்தாலும் மரியாதையாகக் குடித்தவர் நீங்கள். ஊர் அப்படித்தான் சொல்கிறது.

"ஒரு நாள் அண்ணாச்சி தலையப் பிடிச்சிக்கிட்டு உக்காந்து பாத்திருக்கியளா?" என்றார் பக்கத்துப் பழக்கடைக்காரர். "விடிஞ்சா பளிச்சுன்னு கடையில நிப்பாவ."

நின்றீர்கள். குற்றாலத்தில், பேரருவிக்குப் போகும் வழியில் உங்கள் மருந்துக்கடை. சீசனில் காலைக் கூட்டத்தில் பாதிப்பேர் முந்தின நாள் குடித்த தலைவலியோடு வருவார்கள். மாத்திரை கேட்பார்கள். அருவியில் நின்றால் சரியாகுமா என்று கேட்பார்கள். நீங்கள் சிரிப்பீர்கள்.

"வந்தப்புறம் அருவி என்ன தம்பி செய்யும்? வராம பாக்கணும். வெறும் வயித்துல தொடாதீய. ஒரு கிளாஸுக்கு ஒரு தம்ளர் தண்ணி. படுக்கதுக்கு முன்னால எலுமிச்சந்தண்ணி, உப்புப் போட்டு. பாராசிட்டமால் வேண்டாம், ஈரல் பாவம்."

"குடிக்காமலே இருந்துட்டா அண்ணாச்சி?" என்றான் ஒருவன்.

"அதுக்கு எங்கிட்ட மருந்து இல்லலே."

கடையே சிரித்தது. பள்ளிச் சீருடையில், கல்லாவுக்குப் பின்னால் நின்ற நானும்.

உங்கள் வயிறு வெறும் வயிறாக இல்லாமல் சோற்றை யார் போட்டது, தண்ணீரை யார் ஊற்றியது என்று ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் பாட்டிலைத் திறக்கும் முன்பே அம்மா தயிர்ச்சோறு பிசைந்து வைத்திருப்பாள். பிறகு தம்ளரோடு நிலைப்படியில் நிற்பாள். நீங்கள் முடிக்கும்வரை நின்றுகொண்டே. கடைசியில் சொம்பு. உங்கள் கை தூக்கியது கிளாஸை மட்டும்தான்.

காலையில் அம்மாவும் நானும் அடுப்படியில் காத்திருப்போம். நீங்கள் இருமியபடி எழுந்து பேப்பர் கேட்டால் நல்ல நாள். சத்தமில்லாமல் எழுந்து உட்கார்ந்தால், அம்மா என்னைப் பின்வாசல் வழியே அனுப்பிவிடுவாள்.

சுரண்டையில் மாமா கல்யாணம். அம்மாவும் நானும் ஓர் இரவு தங்கினோம். மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினோம். அம்மா வைத்திருந்த பூ வாடவில்லை. நீங்கள் கட்டிலில், தலையில் துண்டை இறுக்கிக் கட்டியபடி.

"மண்டை பொளக்கு. எவன் கல்யாணம்ட்டி? என்னைய ஆரு பாத்துக்கிடுவா?"

"தயிரு சட்டியிலதான இருந்துச்சி. எடுத்து ரெண்டு வாய்..."

அம்மா முடிக்கவில்லை. சொம்பு பறந்தது. அவள் புருவம் கிழிந்தது. சொம்பின் கழுத்து நெளிந்தது. அருவிப் பாறையில் வழுக்கிவிட்டாள் என்று டாக்டரிடம் சொன்னீர்கள். சீசனில் வழுக்கி விழுபவர்கள் அதிகம். அவர் நம்பினார். தையல் பிரிப்பதற்குள் சொம்பு பழைய வேலைக்குத் திரும்பிவிட்டது.

ஊரைவிட்டுப் படிக்கப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. உங்களுக்கு வரவேண்டிய வலியை நாங்கள் இருவரும் வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டிருந்தோம். அது தினமும் உங்களிடம் வந்து சேர்ந்திருந்தால், ஒருவேளை குடியை நிறுத்தியிருப்பீர்கள். நிறுத்தாமலும் போயிருக்கலாம். ஆனால் வலி உங்களுடையதாக இருந்திருக்கும்.

ஈரலை யாராலும் ஏமாற்ற முடியவில்லை. வயிறு வீங்கி நீங்கள் கிடந்தபோது அம்மா தலைமாட்டில் அழுதாள். "நான் இன்னும் நல்லா பாத்திருக்கணும்."

எறிந்த சொம்பைக்கூட ஒரு நாள் மன்னிப்பேனோ என்னவோ. இந்த வாக்கியத்தை மன்னிக்க மாட்டேன். அதை அவள் வாயில் வைத்தது நீங்கள்.

இன்று நான் சொம்பை எடுத்ததும் அத்தை பதறினாள்.

"ஏட்டி, என்ன செய்த? பிராந்திய மட்டும் வச்சா காலையில அவனுக்குத் தலை வலிக்கும்லா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"வலிக்கட்டும் அத்தை."

சிரிப்பு நின்றது. தண்ணீர்த் தம்ளரை எடுத்தேன். தயிர்ச்சோற்றோடும் கறியோடும் இலையை மடித்து எடுத்தேன். பிராந்தி மட்டும் மிஞ்சியது. வெறும் வயிற்றில் குடியுங்கள். நீங்கள் விழிக்கும் இடத்தில் தம்ளரோடு யாரும் நிற்க வேண்டாம். மண்டை பிளக்கட்டும். எறிவதற்குக் கையருகே எதுவும் இருக்க வேண்டாம்.

எனக்கு நீங்கள் விட்டுப்போனது இந்தக் காதுதான். விடுதியில் இருந்தபோதும் விடியும்போது உங்கள் இருமலுக்காகத்தான் விழித்தேன். இப்போதும் அப்படித்தான். நீங்கள் இல்லை என்று நினைவு வந்த பிறகே எனக்குக் காலை தொடங்குகிறது.

அம்மா அடுப்படி நிலைப்படியில் நின்றிருந்தாள், காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல். அவளை முக்காலியில் உட்கார வைத்தேன். சொம்பில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கி அவளிடம் கொடுத்தேன்.