காய்ந்து கிடந்த பள்ளம்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு வணக்கம். நான் நலம். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, பாட்டில் அப்படியே இருக்கிறதா?

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஈரநிலக் கணக்கெடுப்பு வேலைக்கு நான் கிளம்பியபோது, "தண்ணியே இல்லாத இடத்துக்கு ஈரநிலம்னு பேர் வைக்க ஒரு ஆபீஸா?" என்று கேட்டீர்களே, நேற்று ஒரு நிலத்துக்காரரும் அதையே கேட்டார். தன் நிலத்தில் காய்ந்து கிடக்கும் பள்ளத்தை மண் கொட்டி மேடாக்கி, லாரிகள் நிறுத்த இடம் செய்யப் போகிறாராம். எங்கள் அதிகாரியும் தரிசு என்று எழுதப் பேனாவைத் திறந்துவிட்டார்.

"டீச்சரம்மா, இங்க தவளைகூட குடத்தைத் தூக்கிட்டுதான் வரும்" என்றார் நிலத்துக்காரர்.

"லீவுல காலியா கிடந்தா பள்ளிக்கூடம் இல்லேன்னு ஆயிடுமா? கொஞ்சம் தோண்டிப் பாப்போம்" என்றேன்.

தோண்டினால் சாம்பல் நிற மண், அதில் துருப்பிடித்ததுபோலச் செம்புள்ளிகள். ஆண்டுதோறும் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும் மண் அப்படித்தான் இருக்கும். நிலத்துக்காரர் கீழே சரிவில் இருக்கும் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"இங்க நிக்கலேன்னா அந்தத் தண்ணி எங்க வீட்டுக்குள்ளதானே வரும்?"

பருவகால ஈரநிலம் என்று பதிந்தோம். மாடு மேய்க்கலாம், மண் கொட்டக் கூடாது. கிளம்பும்போது அந்தக் குழியிலேயே நான் விழுந்தேன். அடி ஒன்றுமில்லை, மற்றவர்களுக்குத்தான் சிரித்து வயிறு வலி.

உங்கள் பழைய கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், நானே துவைத்துக்கொள்கிறேன்.

ஜீப் வந்துவிட்டது. வீட்டுப் பின்புறம் தண்ணீர் தேங்கும் மூலையை மண் கொட்டி நிரப்பப்போவதாக எழுதியிருந்தீர்கள். அதற்கு முன் அங்கே ஒரு முழம் தோண்டி, மண் என்ன நிறம் என்று பாருங்கள்.