லில்லியைத் தவிர வேறு பூ கூடாது

அன்பு மகளே,

இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தை உன் அம்மா தினமும் போனில் விசாரித்து எங்களுக்கு ஒப்பிப்பதால், அதையே திரும்பக் கேட்டு மையை வீணாக்கவில்லை. இந்த விஷயத்தையும் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நான் பேசினால் உன் அம்மா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்.

உன் கல்யாணப் பூ அலங்காரத்தைப் பேசி முடிக்க இந்தச் சித்தப்பாவைத்தான் அனுப்பினார்கள். எட்டாவதோடு நின்றவன்தான், ஆனாலும் ஒப்பந்தம் என்றால் மோப்பத்திலேயே சொல்லிவிடுவேன், வக்கீல்கள் என்னைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் மாறிவிடுவார்கள். பூக்கடைக்காரம்மா நீட்டிய தாளின் அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு வரி: கேட்ட பூ கிடைக்காவிட்டால் அதே நிறத்தில், அதே தரத்தில் வேறு பூ வைக்கப்படும். ஆஹா, சூட்சுமம் இங்கேதான் என்று பிடித்துவிட்டேன். நீ ஆசைப்பட்டது வெள்ளை லில்லி, அதைக் காட்டிவிட்டு வதங்கின எதையாவது நம் தலையில் கட்டிவிட்டால்? சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடித்து, லில்லியைத் தவிர வேறு எந்தப் பூவும் மண்டபத்துக்குள் நுழையக் கூடாது என்று பக்கத்தில் எழுதி, உன் சார்பில் நானே கையெழுத்தும் போட்டேன். அந்த அம்மா "நல்லா யோசிச்சுக்கங்க சார்" என்றார். மிரண்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். கடையில் நின்ற கூட்டம் கைதட்டாத குறை.

போன வார மழையில், அந்த அம்மா பூ எடுக்கும் தோட்டத்து லில்லியில் முக்கால்வாசி அழுகிவிட்டதாம். அதனால் என்ன, வெள்ளை ரோஜா வைத்துவிடுங்கள் என்று பெருந்தன்மையோடு சொன்னேன். அவரோ என் சிவப்பு எழுத்தில் விரலை வைத்து, "ஒரு ரோஜா உள்ள வந்தாலும் பேச்சை மீறினது நானாயிடுவேன் சார். முன்பணத்தைத் திருப்பித் தர்றேன், வெறும் மேடையில கல்யாணத்தை நடத்திக்கங்க" என்றார். சரி, அடித்ததை மறுபடி எழுதிவிடுகிறேன் என்று பேனாவைத் திறந்தால், "மூடுங்க அதை! கல்யாணம் உங்களுக்கா? பொண்ணு கையெழுத்து வரட்டும்" என்று ஒரே பிடி. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் அந்தத் தேதியை வேறு கல்யாணத்துக்குக் கொடுத்துவிடுவாராம். மற்ற பூக்கடைகளில் நான் ஏறாத படி இல்லை, எவருக்கும் அன்றைக்கு ஆள் ஒழியவில்லை. உன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் மேடையில் பூவுக்குப் பதில் என்னைத்தான் கட்டித் தொங்கவிடுவார்.

ஒரு சட்ட நுணுக்கம் சொல்கிறேன், இது நானே கண்டுபிடித்தது: ஒப்பந்தத்தில் ஒரு வரியை அடிப்பதற்கு முன், அது போனால் யாருக்கு நஷ்டம் என்று எழுதினவரிடமே கேட்டுவிட வேண்டும். அங்கே நீ வாடகை வீட்டுக்குக் கையெழுத்துப் போடும்போதும் உதவும்.

புதுத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். மேடைக்கு வெள்ளை ரோஜா, தப்பிப் பிழைக்கிற லில்லியெல்லாம் உன் கையில் பிடிக்கும் செண்டுக்கு. அந்தச் செண்டு வரி நான் வாதாடி வாங்கியது. கொஞ்சம் கெஞ்சினேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். ரோஜா பிடிக்காது என்றால் தயங்காமல் சொல், மறுபடி போய் நிற்கிறேன். பிடித்தால் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து நேரே பூக்கடைக்கு அனுப்பிவிடு, வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இருவரும் சிரித்த முகம் மாறாமல் நெடுங்காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
இந்தக் கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போட அனுமதியுள்ள
உன் சித்தப்பா