இருநூறு கேள்விகள்

நாள் 118, 09:00
நிலாத் தென்துருவ நிலையம். கருவிப் பதிவேடு. எழுதுவது பொற்கொடி. தேடல் மென்பொருள் காலைச் சுற்றை முடித்துவிட்டது. வலைப்பின்னலில் உள்ள ஒவ்வொரு கருவியையும் அது "இருக்கிறாயா?" என்று கேட்கும், பதில் வந்தால் இடத்தையும் நிலையையும் குறித்துக்கொள்ளும். பம்பு முதல் விண்ணுடை வரை எல்லாம் பதில் தந்தன. சமையலறைச் சூடேற்றி மட்டும் இரண்டு முறை பதிவாகியிருந்தது. திருத்தினேன்.

நாள் 118, 09:52
நிலநடுக்கம். பனி எடுக்கும் கிழக்குச் சுரங்கம் சரிந்துவிட்டது. உள்ளே துளையிடும் பொறியாளர் இருதயராஜ் அண்ணன் தனியாக இருக்கிறார். வானொலியில் குரல் இல்லை. வேலைப்பட்டியலில் அவருக்குச் சுரங்கத்தின் மூன்றாம் அறை என்று இருக்கிறது. நிலையத் தலைவி ஹமீதா அக்கா மற்ற மூவரோடு அங்கே தோண்டப் போய்விட்டார்.

நாள் 118, 10:20
தேடலைக் கையால் ஓட்டினேன். அண்ணனின் விண்ணுடை பதில் தந்தது! ஏழாம் அறை வெப்பமானியின் கம்பி வழியாக வந்திருக்கிறது. நாடித் துடிப்பு 104. அக்காவிடம் சொன்னேன்.
"ஏழுலயா? நல்லாப் பாத்துச் சொல்லு பொற்கொடி. தப்பாப் போனா திரும்ப வர நேரம் இல்ல."
"ஏழுதான் அக்கா."
தோண்டும் இயந்திரத்தை ஏழாம் அறைப் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

நாள் 118, 11:45
10:20-லிருந்தே நிமிடத்துக்கு ஒரு முறை கேட்கும்படி மாற்றியிருக்கிறேன். ஒவ்வொரு நிமிடமும் பதில் வருகிறது. திரையை விட்டு எழ முடியவில்லை. பதில் வரும்போதெல்லாம் மூச்சு வருகிறது.

நாள் 118, 13:40
அண்ணனின் குரல் வந்தது. அதே கம்பியில், இருபது வினாடி. அப்படியே எழுதுகிறேன்.
"தங்கச்சி, காலு மாட்டிக்கிச்சு. மத்தபடி ஒண்ணுமில்ல. நீ ஒவ்வொரு தடவ கேக்கும்போதும் சட்டையில வெளக்கு எரியுது, பேட்டரி எறங்குது. கேக்காத. நான் இங்கனதான் இருப்பேன், எங்க போவப் போறேன்?"
சிரித்தார்.
தேடலை நிறுத்தினேன். மின்சாரத்தைச் சேமிக்கத் தூங்கும் விண்ணுடையை ஒவ்வொரு கேள்வியும் எழுப்பிவிடுகிறது. மின்கம்பியில் இணைந்த கருவிகளுக்கு அது பொருட்டில்லை. அவருக்கு அந்த பேட்டரிதான் வெப்பம், அதுதான் காற்று. யோசித்திருக்க வேண்டும்.

நாள் 118, 20:00
கேட்கவில்லை. விசையிலிருந்து கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாது. தெரிந்துகொண்டால் அதற்கு விலை அவர்தான்.

நாள் 119, 07:30
"பொற்கொடி, அண்ணன்கிட்ட வந்துட்டோம்."
வானொலியில் ஹமீதா அக்கா.
"ஒடம்புச் சூடுகூட இன்னும் முழுசா ஆறலம்மா."

நாள் 119, 15:10
விண்ணுடையின் பதிவைத் திறந்து பார்த்தேன். பேட்டரி 06:50-க்குத் தீர்ந்திருக்கிறது. அவர்கள் சேர்வதற்கு நாற்பது நிமிடம் முன்பு.
ஒரு கேள்விக்குப் பதினெட்டு வினாடி மின்சாரம். நான் கேட்டது இருநூறு முறை. ஒரு மணி நேரம்.
மூன்று முறை கணக்குப் போட்டேன். மாறவில்லை.
ஹமீதா அக்காவிடம் காட்டினேன். அவர் திரையை அணைத்தார். "நீ கேக்கலேன்னா மூணாவது அறையிலதான் தோண்டியிருப்போம். இத அறிக்கையில போடப் போறதில்ல" என்றார்.
முதல் கேள்வி சரி. அதற்குப் பிறகு வந்தவை என் பயத்துக்காக.

நாள் 120, 09:00
காலைச் சுற்றை ஓட்டவில்லை.
தூத்துக்குடியிலிருந்து அண்ணனின் மனைவி செல்வமேரி பேசி அனுப்பியிருந்தார்.
"நீ விடாமத் தேடுனதாலதான் அவுகளக் கண்டுபிடிச்சாகன்னு சொன்னாவ. அந்த மட்டுக்கும் ஒடம்பாவது வருது எங்களுக்கு. நீ நல்லா இருக்கணும்மா."
இதை யார் படித்தாலும், அறிக்கையில் இல்லாதது இங்கே இருக்கிறது. நேரம், எண்ணிக்கை, என் பெயர். அழிக்க மாட்டேன்.
செல்வமேரி அக்காவுக்குப் பதில் அனுப்பவேண்டும். நான்கு முறை ஒலிவாங்கியைத் திறந்தேன். ஒவ்வொரு முறையும் அக்கா என்று சொல்லிவிட்டு மூடிவிட்டேன்.