கேள்வி பதினான்கு

ஜனவரி 9

அன்புள்ள சிஸ்டருக்கு,

என் முழங்காலைத் தவிர இங்கு எல்லாம் நலம். உன் நலத்தை நீ எழுதினால்தான் தெரியும். மூன்று வாரமாக ஒரு வரி இல்லை. தினமும் போனில் பேசுகிறோமே என்று சொல்லாதே. போனில் பேசியதை விசா அலுவலகத்துக்கு அனுப்ப முடியாது. "கடிதங்கள் போன்ற ஆதாரம் எதுவும் இல்லை" என்று சொல்லித்தான் முதல் விண்ணப்பத்தைத் திருப்பினார்கள். ஆகவே எழுது. முன்பின் தெரியாத ஒருவர் படிக்கப்போகிறார் என்பதை நினைத்து, கையெழுத்தைக் கொஞ்சம் திருத்தி எழுது.

அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. நம் காகிதங்கள் என்ன சொல்கின்றன? நான் முதலாளி, நீ, படுத்துவிட்ட என் கணவரைப் பார்த்துக்கொள்ள வெளிநாட்டிலிருந்து வந்த நர்ஸ். அவர் போன பிறகு ஆறு வருடம் நானே நோயாளி. உன் வேலை அனுமதியை நீட்டிக்க வேறு வழி இருக்கவில்லை. ஆய்வாளர் வந்த அன்று போர்வைக்குள் முனகினேன். அவர் தெருவைத் தாண்டுவதற்குள் ஜன்னலில் நின்று எட்டிப்பார்த்தேன். அவர் திரும்பியிருந்தால் அன்றே உன்னை அனுப்பியிருப்பார்கள். அறுபது வயது முடிந்ததும் எப்படியும் அனுப்பித்தான் விட்டார்கள்.

உன் நாட்டுச் சட்டம் இரண்டு பெண்களை வாழ்க்கைத் துணை என்று ஒப்புக்கொள்கிறது. இங்குள்ள சட்டம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே எழுபது வயதில் நான்தான் கிளம்ப வேண்டும். கிளம்புகிறேன்.

இரண்டாவது விண்ணப்பம், முப்பத்தொன்பது பக்கம், அனுப்பிவிட்டேன். அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை. குடும்பத்தில் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம், மகன் போட்டிருக்கிறான். நம் விஷயத்தை அவனிடம் சொல்ல எனக்கு ஒரு மாதம் பிடித்தது. நம் மருந்துக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே கேட்டுக்கொண்டான். மறுநாள் வந்து போட்டுக் கொடுத்தான். அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவில்லை.

இதே கேள்விகளை உன்னையும் தனியாகக் கேட்பார்கள். தடுமாறாதே. உண்மையைச் சொல், போதும்.

உன் மேடம்

---

ஜனவரி 24

என் அன்பு மேடத்துக்கு,

கையெழுத்தைத் திருத்திவிட்டேன். போதுமா, இன்னும் உருண்டையாக வேண்டுமா?

என் அறை சலவைக்கடைக்கு மேலே என்று சொன்னேனே, இந்தக் குளிருக்கு அதுவே பெரிய வசதி. கீழே நாள் முழுக்க இஸ்திரி ஓடுவதால் தரை வெதுவெதுப்பாக இருக்கிறது. பழைய இரட்டைக் கட்டில் ஒன்று கிடைத்தது. மாடிப்படி வளைவில் திரும்பவில்லை. சலவைக்கடைக்காரர் கால்களை அறுத்து ஏற்றிக் கொடுத்தார். இப்போது கொஞ்சம் தாழ்வு. உங்கள் முழங்காலுக்கு ஆகாது, வந்ததும் திட்டுங்கள்.

நேர்காணல் முடிந்தது. அந்த அதிகாரிக்கு என் செருப்பின் வயதுகூட இருக்காது. "காலையில எழுந்ததும் அவங்க என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார். "என்னைத் திருத்துவாங்க" என்றேன். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

பதினான்காம் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன். உங்கள் உறவு எப்போது தொடங்கியது? மார்ச் 14 என்று சொல்லி, வருடத்தையும் சொன்னேன். லிஃப்ட் வேலை செய்யாத அன்று. ஆம்புலன்ஸ்காரர்கள் ஐயாவை நாற்காலியில் வைத்து முன்னால் இறக்க, நாம் பைகளோடு பின்னால் இறங்கினோம். மூன்றாவது மாடியில் என் கையைப் பிடித்தீர்கள். தரைத்தளம் வரை விடவில்லை. அந்தப் பக்கம் கைப்பிடிக் கம்பி இருந்தும் நீங்கள் அதைப் பிடிக்கவில்லை.

"இவ்வளவு சரியா ஞாபகம் இருக்கா?" என்றார் அதிகாரி. "வேற எதை ஞாபகம் வெச்சுக்கிறது?" என்றேன்.

தடுமாறவில்லை, மேடம். உங்கள் பேரைக் காப்பாற்றிவிட்டேன்.

உங்கள் சிஸ்டர்

---

பிப்ரவரி 19

சிஸ்டருக்கு,

இந்தக் கடிதத்தை ஆதாரத்தில் சேர்க்காதே.

மறுத்துவிட்டார்கள். அவர்கள் எழுதியதை அப்படியே தருகிறேன்: "பதினான்காம் கேள்விக்கு இருவரும் அளித்த பதில்களுக்கிடையே மூன்று ஆண்டு, ஏழு மாத வேறுபாடு உள்ளது. எனவே இவ்வுறவு உண்மையானது என ஏற்பதற்கில்லை."

நான் எழுதியது அக்டோபர் 20. அவர் காலமாகி ஆறு மாதம் கழித்து. ஒரு விதவைக்கு அதுவே குறைவு. நீயும் அப்படித்தான் சொல்வாய் என்று நினைத்தேன். உன்னிடம் சொல்லித்தர வேண்டும் என்று தோன்றவில்லை. அவர் உயிரோடு இருந்த நாளில் ஒரு தேதியை எடுத்து, முகம் தெரியாத ஒருவரிடம், படிக்கட்டுக் கதையோடு கொடுப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? விழாமலிருக்க உன் கையைப் பிடித்தேன். அவ்வளவுதான்.

உன்னிடம் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போடும் முன் மகன் ஒரு நிபந்தனை வைத்தான். "போடறேம்மா. ஆனா அப்பா போனதுக்கு அப்புறம்னு இருக்கணும். அதுக்கு முன்னாடின்னா என்கிட்ட கொண்டுவராதீங்க." நான் அக்டோபரைக் காட்டினேன், அவன் போட்டான்.

மேல்முறையீட்டுக்கு இருபத்தெட்டு நாள் இருக்கிறது. நோட்டரி முன் ஆளுக்கொரு சத்தியவாக்குமூலம் கொடுத்து, அவரவர் இணையக் கணக்கில் ஏற்ற வேண்டும். ஒருவர் ஏற்றியது மற்றவருக்குத் தெரியாது. மார்ச் தேதி நினைவுப் பிசகு என்று எழுதிக் கொடு. உனக்கும் அறுபத்திரண்டு வயதாகிறது. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். கோபத்தில் பேசுவது எனக்குப் பழக்கமில்லை.

மேடம்

---

மார்ச் 1

மேடம்,

ஆறு தடவை அடித்துப் பார்த்தேன். எடுக்க மாட்டேன் என்றால் நிஜமாகவே எடுக்க மாட்டீர்கள்.

உண்மையைச் சொல் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டது என் முட்டாள்தனம்.

ஒன்று கேட்கிறேன். அக்டோபரில்தான் தொடங்கியது என்றால், அதற்கு முந்தைய மூன்றரை வருடம் நான் யார்? சம்பளத்துக்கு இருந்த நர்ஸா? தூங்காமல் இருந்த நாளெல்லாம் என் தோளில் சாய்ந்தது யார்? அந்த நாள்களில் ஐயாவுக்கு ஒரு வேளை மருந்து தவறியதில்லை. முதுகில் ஒரு புண் வர விட்டதில்லை. நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துத்தான் அவரைத் திருப்பிப் படுக்கவைத்தோம். அதை நீங்கள் மறைக்க வேண்டிய குற்றம் என்று நினைக்கிறீர்கள். நான் அதைத்தான் குடும்பம் என்று நினைத்திருந்தேன். எனக்கு வேறு குடும்பம் கிடையாது.

விழாமலிருக்கப் பிடித்தீர்களாம். நீங்கள் விழுகிற ஆளா?

மாற்ற மாட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள்.

சிஸ்டர்

---

மார்ச் 12

அன்புள்ள சிஸ்டருக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. நான்கு முறை படித்தேன். திருத்த ஒன்றும் இல்லை.

இன்று காலை மகனை உட்காரவைத்துச் சொன்னேன். மார்ச் 14 என்று சொன்னேன், வருடத்தையும் சொன்னேன். அவன் கணக்குப் போட்டுப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவர் கண்ணு முன்னாடியேவாம்மா?"

"முன்னாடி இல்லை. பின்னாடி. முன்னாடின்னா அதுக்குக் கொஞ்சம் தைரியம் வேணும்."

"இப்ப எதுக்குச் சொல்றீங்க? யார் கேட்டா?"

"ஒரு படிவம் கேட்டுது. நான் பொய் எழுதினேன். அதை நீ நம்பிக் கையெழுத்துப் போட்டே."

பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்தான். வாசலில் நின்று, "சிஸ்டரை நான் அவ்வளவு மரியாதையா வெச்சிருந்தேன்" என்றான். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

சாட்சி இல்லாமலே நோட்டரியிடம் போனேன். அவர் என் கணவருக்குப் பழக்கமானவர். வாக்குமூலத்தைப் படிக்கப் படிக்கக் கண்ணாடியை மூன்று முறை துடைத்தார். நான் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மார்ச் 14 சரி, அக்டோபர் பிழை, பிழை என்னுடையது என்று கையெழுத்திட்டு, மதியமே ஏற்றிவிட்டேன்.

விழாமலிருக்கப் பிடிக்கவில்லை.

உன் மேடம்

---

மார்ச் 13

என் அன்பு மேடத்துக்கு,

போன கடிதத்துக்கு மன்னியுங்கள். தபாலில் போட்ட அன்றே வருத்தப்பட்டேன்.

இரண்டு வாரமாக யோசித்தேன். உங்களுக்கு இருப்பது ஒரே மகன். அவனை விட்டுவிட்டு வாருங்கள் என்று கேட்க நான் யார்? ஒரு தேதிக்காக அம்மாவும் பிள்ளையும் பேசாமல் போனால், இந்தக் கட்டிலில் உங்கள் பக்கத்தில் எனக்கு எப்படித் தூக்கம் வரும்? எப்போது தொடங்கியது என்று நமக்குத் தெரியும். அலுவலகத்துக்கு எதற்கு?

அதனால் நேற்று போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். அக்டோபர் 20 என்று. மார்ச் என்று சொன்னது வயதானதால் வந்த மறதி என்று. நோட்டரி அம்மா, "நிச்சயமா?" என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் தலையாட்டினேன். ஒரு பொய்யின்மேல் இத்தனை முத்திரை குத்துவார்கள் என்று எனக்குத் தெரியாது.

இப்போது நம் பதில் ஒன்றாகிவிட்டது. மகன் கையெழுத்தும் நிற்கும். கோபம் தணிந்தால் போனை எடுங்கள்.

உங்கள் சிஸ்டர்

---

மே 6

அன்புள்ள சிஸ்டருக்கு,

போனில் நீ அழுதாய், நான் கத்தினேன், ஒன்றும் பேசி முடிக்கவில்லை. நிதானமாக எழுதுகிறேன்.

தீர்ப்பின் கடைசிப் பத்தியை உனக்குப் படித்துக் காட்ட என்னால் முடியவில்லை. இதோ: "மேல்முறையீட்டில் இரு தரப்பினரும் தத்தம் பதிலைக் கைவிட்டு, மற்றவரின் பதிலை உறுதி செய்துள்ளனர். வேறுபாடு மூன்று ஆண்டு, ஏழு மாதமாகவே நீடிக்கிறது. நிராகரிக்கப்படுகிறது." இருவரும் ஏன் இப்படிச் செய்தார்கள் என்று ஒரு வரி யோசித்திருக்கலாம். யோசிப்பது அவர்கள் வேலையில்லை போலிருக்கிறது.

இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சிரிப்பு வந்தது. நான்காம் நாள் மறுபடி கோபம். அது இன்னும் போகவில்லை. பாதிக் கோபம் என்மேல்தான். மார்ச் ஒன்றாம் தேதிக்கு முன் நீ ஆறு தடவை அடித்தபோது நான் போனுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அது ஓய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முறை எடுத்திருந்தால் இந்நேரம் உன் தாழ்ந்த கட்டிலைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

மறுபடி விண்ணப்பிக்கத் தடை இல்லையாம். முப்பத்தொன்பது பக்கம், இரண்டு முறை திருப்பப்பட்டதால் இந்தத் தடவை பதினான்கு மாதக் காத்திருப்பு. அப்போது எனக்கு எழுபத்திரண்டு வயது நெருங்கியிருக்கும். நேற்று நிரப்பி முடித்தேன்.

நகல் எடுக்க நம் மருந்துக்கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது. சுற்றுவட்டாரத்தில் வேறு இயந்திரம் இல்லை. மகன் இரண்டு மாதமாக என்னிடம் பேசுவதில்லை. ரத்த அழுத்த மாத்திரையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டி, மணியடித்துவிட்டுப் போய்விடுகிறான். காகிதக் கட்டை நீட்டினேன். வாங்கி ஒவ்வொரு பக்கமாக வைத்து எடுத்தான். பதினான்காம் கேள்வி உள்ள பக்கத்தில் நின்றுவிட்டான். கடையில் ஆட்கள் காத்திருந்தார்கள். பிறகு அதையும் கண்ணாடிமேல் வைத்து மூடியை அழுத்தினான். "கோணலா வந்திருக்கு" என்று சொல்லி, அதை மட்டும் இன்னொரு முறை எடுத்துக் கொடுத்தான். சாட்சிக் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது. நான் கேட்கவில்லை.

இன்னும் இரண்டு மாதத்தில் உன்னை நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். நான் மார்ச் 14 என்று எழுதியிருக்கிறேன். இனி யார் முன்னால் கேட்டாலும் அதுதான் என் பதில். எனக்கு மகன் இல்லாமல் போய்விடுவானோ, என் பெயர் கெட்டுவிடுமோ, முழங்கால் வலிக்குமோ என்று நீ அங்கே உட்கார்ந்து யோசிக்காதே. எனக்காக இன்னொரு தடவை எதையும் விட்டுக்கொடுத்துவிடாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தேதியை மட்டும் சொல்.

உன் மேடம்