முட்டைக்கோஸ் குவியலில் அப்பா

லா டிரினிடாட்
அக்டோபர் 14, செவ்வாய் காலை

அன்பு மகள் ஜெனலினுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே குளிர் இறங்கிவிட்டது, அதைத் தவிர எனக்கும் உன் அம்மாவுக்கும் ஒரு குறையும் இல்லை. ஹாங்காங்கில் நீயும் சளி இருமல் இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுகிறோம். போனில் பேசினால் நீ அழுகிறாய், நீ அழுதால் அம்மாவும் அழுகிறாள், நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுகிறேன், அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டு நோவி லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே வேலைக்குத் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். எழுத்து பெரிது பெரிதாக இருக்கிறதே என்று சிரிக்காதே, இடது கண்ணில் புரை முற்றிக்கொண்டு வருகிறது, ஜன்னல் பக்கம் உட்கார்ந்துதான் எழுத முடிகிறது.

அந்தப் படத்துக்கு வருகிறேன். யாரோ எடுத்துப் போட்டது சுற்றிச் சுற்றி உன் போனுக்கும் வந்துவிட்டது. சந்தைக் கழிவுக் குவியலில் குனிந்து முட்டைக்கோஸ் பொறுக்குகிறவன் நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் டிசம்பரில் வீடு திரும்புவதாக இருந்தவள் அதைப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு வருட வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போகிறேன் என்றாயே, "எங்கப்பா குப்பை பொறுக்கித் தின்னா நான் இங்க எதுக்கு இருக்கேன்" என்று கேட்டாயே, அதுதான் நெஞ்சில் தைத்துவிட்டது. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், படித்துவிட்டு முடிவு செய்.

ஜூன் மாதம் கண்ணைக் காரணம் காட்டி முதலாளி லாரிச் சாவியை வாங்கிக்கொண்டார் என்பது உனக்குத் தெரியும். அதற்கப்புறம் நாங்கள் என்ன சாப்பிட்டோம் என்பதை உன்னிடம் மறைத்தோம். சோறு, கருவாடு, பாக்கெட் நூடுல்ஸ், திரும்பவும் சோறு. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறிப் பாதம் வீங்கியது, சுகாதார நிலையத்து நர்ஸ் உப்பைக் குறைத்துக் காய்கறி நிறையச் சாப்பிடச் சொன்னாள். ஊரே காய்கறி ஊர், நம் வீட்டில் மட்டும் காய்கறி இல்லை. ஒரு நாள் பழைய சிநேகிதர்களைப் பார்க்கலாம் என்று மொத்த வியாபாரச் சந்தைக்குப் போனேன். கொட்டகைக்குப் பின்னால் பெண்கள் முட்டைக்கோஸின் வெளி இலைகளை உரித்து எறிந்துகொண்டிருந்தார்கள், கழுவும்போது உடைந்த கேரட், அடிபட்ட காய், எல்லாம் ஆள் உயரத்துக்குக் கிடந்தது. இருபத்திரண்டு வருடம் அதே சரக்கை மணிலாவுக்கு ஏற்றிப் போனவன் நான். விலை விழுந்த ஒரு வருடம் முதலாளி சொன்னார் என்று ஒரு லாரி முட்டைக்கோஸையும் பள்ளத்தில் கவிழ்த்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்திருக்கிறேன். அன்றைக்கு ஒரு காயை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. என் கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது. திருடன் மாதிரி நாலு பக்கமும் பார்த்துவிட்டு, கொஞ்சம் உடைந்த கேரட்டோடு சேர்த்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அம்மா அதைத் தொடவே இல்லை. "யோவ் கிழவா, பன்னிக்குப் போடறத எனக்குப் போடறியா? நான் லாரிக்காரன் பொண்டாட்டிய்யா" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் வெறும் சோறு தின்றாள். சமைத்தது நான்தான், முதல் நாள் அடிபிடித்துப் பாத்திரமே கறுத்துப்போனது. மூன்றாம் நாள் கறிக்கடையில் சதை வழித்த எலும்பைச் சும்மா மாதிரி விலைக்கு வாங்கி, இஞ்சி தட்டிப் போட்டு, காலை முழுக்கக் கொதிக்கவிட்டேன், அதில் உடைந்த கேரட்டையும் முட்டைக்கோஸையும் போட்டேன். உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள், மூடியைத் திறந்தாள், "இஞ்சி அதிகம்" என்றாள், ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டாவது கிண்ணம் கேட்டபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், பார்த்தால் சிரித்துவிடுவேன்.

ஆனால் அந்தக் குவியல் சும்மா கிடக்கவில்லை, அதைப் பன்றி வளர்க்கிற பல்தசார் சந்தையில் சொல்லிவைத்துத் தினமும் அள்ளிக்கொண்டு போகிறான். ஒரு நாள் அவன் என் சாக்கைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இது எம் பன்னிங்க சாப்பாடு, நீங்க தின்னா அதுங்க எதைத் தின்னும்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். சுமை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "உம் பன்னி என்னவிடக் கொழுத்திருக்குடா, எனக்காக ஒரு வேளை விட்டுக் குடுக்குமான்னு கேட்டுச் சொல்லு" என்றேன். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள், அவனும் சிரித்துவிட்டான். சிரித்து ஓய்ந்ததும் தன் கதையைச் சொன்னான், இலையோடு கலந்து கிடந்த பிளாஸ்டிக் கயிற்றைத் தின்று போன மாதம் அவனுடைய தாய்ப்பன்றி ஒன்று செத்துப்போனதாம், கயிற்றையெல்லாம் பிரித்தெடுக்க அவனுக்கு நேரமும் இல்லை ஆளும் இல்லை. கயிறு, ரப்பர் வளையம், பை எல்லாம் நான் பொறுக்கித் தனியே போடுகிறேன், நல்ல காயை முதலில் நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான், "சரிண்ணே, ஆனா உருளைக்கிழங்குல பாதி என்னுது" என்றான். ஆகஸ்டிலிருந்து காலை ஆறு முதல் ஒன்பது வரை எனக்கு அதுதான் வேலை. நீ படத்தில் பார்த்தது வேலையில் இருக்கிற உன் அப்பாவை. அவன் பன்றி வெட்டுகிற அன்று ஈரல் நமக்குத்தான்.

எல்லாம் நன்றாகவே போகிறது என்று பொய் சொல்லமாட்டேன். அடைமழை நாளில் குவியல் முழுக்க அழுகல்தான், வெறுங்கையோடு வருவேன். ஒரு தடவை பச்சை பிடித்த உருளைக்கிழங்கைக் கொண்டுவந்து இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம். ஆனால் இப்போது அம்மா என்னை மிஞ்சிவிட்டாள். கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவருகிறவர்கள் பிற்பகல் இரண்டு மணிக்குக் கிளம்பத் துடிப்பார்களே, அந்த நேரம் பார்த்துப் போய் நிற்கிறாள், மத்தியைப் பாதி விலைக்குக் கேட்கிறாள், கொடுக்காவிட்டால் நடக்க ஆரம்பிக்கிறாள், பின்னாலேயே கூப்பிடுகிறார்கள். குருணை வாங்கி நல்ல அரிசியோடு கலந்துவிடுகிறாள், பேக்கரியில் நேற்றைய ரொட்டியைக் கேட்டு வாங்குகிறாள். வீட்டுக்குப் பின்னால் சரிவில் யாரும் கேட்பாரற்றுப் படர்ந்திருக்கிற சௌசௌக் கொடியில் கொழுந்து கிள்ளி வதக்குகிறாள், கடுகுக்கீரை மிஞ்சினால் அரிசி கழுவிய தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிக்கவைத்துத் தெருவில் மூன்று வீட்டுக்குக் கொடுக்கிறாள். போன வாரம் நர்ஸ் பார்த்துவிட்டு, அழுத்தம் இறங்கியிருக்கிறதே, மருந்தை மாற்றினீர்களா என்று கேட்டாளாம். "மருந்த மாத்தல, புருஷன மாத்திட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

என் கண்ணுக்கு இலவச அறுவை சிகிச்சைப் பட்டியலில் பெயர் வந்துவிட்டது, பிப்ரவரியில் கூப்பிடுவார்கள். நான் கவலைப்படுவது உன்னைப் பற்றித்தான். எங்களுக்கு அனுப்பவேண்டும் என்று இரவுச் சாப்பாட்டை விட்டுவிடுகிறாய், ரொட்டியும் நூடுல்ஸுமாக ஓட்டுகிறாய் என்று நோவி இந்த லீவில் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். ஜெனலின், அங்கேயும் சந்தை உண்டு, சாத்துகிற நேரம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போ, மீன் தலை கேள், கட்டுக் குலைந்த கீரையைக் கேள், அழுத்திப் பார், முகர்ந்து பார், அவசரப்படாதே, யாராவது பார்த்தால் பார்க்கட்டும். தினம் ஒரு முட்டையாவது சாப்பிடு. கையெழுத்து விஷயத்தில் நான் குறுக்கே நிற்கமாட்டேன், அந்த வேலை உனக்குப் பிடித்திருந்தால், நீ பார்த்துக்கொள்கிற அந்த வயதான அம்மாவை விட்டு வர மனம் இல்லை என்றால் போடு. எங்கள் வயிற்றுக்காகப் போடாதே, அது நிறைந்துதான் இருக்கிறது.

நோவியிடம் ஒரு ஜாடிக் கீரை ஊறுகாய் இருக்கிறது, புளித்துப் பொங்கும், கழுவுதொட்டிக்கு மேலே வைத்துத் திற. கம்பளிக் காலுறையும் வைத்திருக்கிறோம், போட்டுக்கொண்டு தூங்கு. கடவுள் உன் கையையும் காலையும் பலமாக வைத்திருக்கட்டும், உன்னை வேலைக்கு வைத்தவர்களுக்கு நல்ல மனம் கொடுக்கட்டும். அம்மா அடுப்படியிலிருந்தே ஒன்று எழுதச் சொல்கிறாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "பொட்டி பொட்டியா எதுவும் வாங்கிட்டு வர வேணாம்னு எழுது. பசியோட வரச் சொல்லு."

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அப்பா டெல்பின்