மடவார் வளாகத்தில் வாங்கிய லென்ஸ்

என் கண்ணான மதினிக்கு,

நீங்கள் போன பிறகு ஊரில் என்னென்னவோ வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கலர் லேப் திறந்திருக்கிறார்கள். காலையில் ரோலைக் கொடுத்தால் மத்தியானம் படம் கையில். தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத். காமிரா கூட இப்போது பிளாஸ்டிக்கில் வருகிறது. லென்ஸைக் கழற்றவும் முடியாது, மாட்டவும் முடியாது. பட்டனை அமுக்கினால் போதுமாம். நீங்கள் பார்த்தால் என்ன சொல்வீர்கள்? சிரிப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் லென்ஸ் என்னிடம் இருக்கிறது. பீரோவில், பழைய வாயில் சேலைத் துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். சில நாள் எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவேன். நேற்றும் எடுத்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

அண்ணன் முதல் லீவில் மஸ்கட்டிலிருந்து வந்தபோது அந்த ரஷ்யக் காமிராவைக் கொண்டுவந்தது உங்களுக்காக அல்ல. பம்பாயில் யாரோ விற்றார்கள், வாங்கிக்கொண்டு வந்தது. ரெண்டு ரோல் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதோட எவன் மல்லுக்கட்டுவான்" என்று உத்தரத்து ஆணியில் மாட்டிவிட்டுக் கப்பலேறிவிட்டது. நீங்கள்தான் அதை இறக்கினீர்கள். பஜாரில் ஸ்டூடியோ வைத்திருந்த செல்லத்துரையிடம் கேட்டுக் கேட்டு, ரோல் மாட்டவும் வெளிச்சம் பார்க்கவும் பழகினீர்கள். கலியாணமாகி ரெண்டு வருஷத்தில் புருஷன் கடல் தாண்டிப் போன வீட்டில், மாமியாரோடும் நாத்தனாரோடும் இருக்கிற பெண்ணுக்கு அது ஒரு துணை. அப்போது எனக்கு அது புரியவில்லை. விளையாட்டு என்று நினைத்தேன்.

முதல் முதலாக என் முகத்தைத்தான் எடுத்தீர்கள். கிட்டத்தில் வந்து எடுத்ததில் என் மூக்கு கத்தரிக்காய் மாதிரி வீங்கி வந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இதக் காட்டினா எவன்டி கட்டுவான் இவள?" என்றாள். நாம் மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பிறகு என்னோடு பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்த பிள்ளைகளை எடுத்தீர்கள். அவர்களுக்குக் காமிரா கிட்ட வந்ததுமே முகம் மரக்கட்டையாகிவிடும். முத்துலட்சுமி சொன்னாளே, "துப்பாக்கிய நீட்டுன மாதிரி இருக்கு மதினி" என்று. வீட்டுக்கு வந்ததும் நீங்கள் அதையே யோசித்துக்கொண்டிருந்தீர்கள்.

"எட்டி நின்னு எடுக்கணும் பாக்கியம். ஆனா முகம் பெருசா வரணும். அதுக்கு ஒரு வழி இல்லாமலா போகும்?"

செல்லத்துரைதான் வழி சொன்னார். முகம் எடுப்பதற்கென்றே நீளமான லென்ஸ் இருக்கிறது, மதுரையில் கிடைக்கும், ஆனால் யானை விலை, குதிரை விலை என்றார். அண்ணனுக்கு எழுதிக் கேட்டீர்கள். 'அதெல்லாம் எதற்கு' என்று ஒரே வரியில் பதில் வந்தது. மதுரைக்கே போனோம். அந்தக் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. "வீட்ல ஆம்பளையக் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார். விலையைக் கேட்ட பிறகு, ஆம்பளை வந்தாலும் ஆகாது என்று தெரிந்தது. திரும்பி வரும்போது ரயிலில் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தீர்கள்.

அதற்குப் பிறகு எங்கே பழைய லென்ஸ் இருக்கிறது என்று விசாரிப்பதே வேலையாகிவிட்டது. சிவகாசியில் ஒன்று இருந்தது, உங்கள் காமிராவில் ஏறவில்லை. சங்கரன்கோவிலில் ஒன்று, உள்ளே பூஞ்சை மண்டிக் கிடந்தது. கடைசியில் செல்லத்துரையே ஒருநாள் ஆள் அனுப்பினார். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ரிட்டயர்டான ஓவர்சியர் ஒருவரிடம் ஜெர்மன் லென்ஸ் இருக்கிறது, திருகி மாட்டுகிற மரை உங்கள் காமிராவுக்குச் சரியாக இருக்கும், ஆனால் ஏதோ கோளாறு சொல்கிறார்கள், போய்ப் பாருங்கள் என்று.

ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ்ஸில் போனோம். கோயிலில் வைத்தியநாத சுவாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் வீட்டைத் தேடினோம். ஓவர்சியர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புரை எடுத்தும் பார்வை சரியாகத் திரும்பவில்லை. அவருடைய மகள்தான் லென்ஸை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.

"மொதல்லயே சொல்லிருதேன்மா. பொறவு ஏமாத்திட்டான்னு சொல்லப்படாது. இதுக்குள்ள இருக்க தகடெல்லாம் ஒட்டிக்கிடுச்சு. வெளிச்சத்தக் கூட்டிக் கொறைக்க முடியாது. எப்பவும் முழுசா தொறந்தேதான் கெடக்கும். உச்சி வெயில்ல எடுத்தா வெளுத்துப் போகும். கல்யாண வீட்டு குரூப்புக்கு லாயக்கில்ல. கண்ணு தெளிவா விழுந்தா காது விழாது."

"எனக்குக் கண்ணு போதும் சார்" என்றீர்கள்.

அவர் சிரித்துவிட்டார். நீங்கள் லென்ஸைத் திருகி மாட்டினீர்கள். பின்னோக்கியே நடந்து பட்டாசாலைக் கூடத்தின் மறுகோடி வரைக்கும் போய்விட்டீர்கள். அவர் உங்களைத் தேடி முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழுந்திருந்தது.

"எங்கம்மா போயிட்ட? எடுக்கப் போறியா?"

"எடுத்துட்டேன் சார்."

கோளாறு இருந்ததால்தான் நம் கைக்கு எட்டுகிற விலை சொன்னார். கோளாறு இல்லாவிட்டால் அது நமக்கா கிடைத்திருக்கும்? பஸ்ஸில் அதை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு வந்தீர்கள். பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மா கைக்குழந்தை என்று நினைத்து, "தூங்குதா?" என்று கேட்டாளே!

அந்தப் படங்களைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லவேண்டும் போலிருக்கிறது. வெயில் ஏறுவதற்கு முன்னாலும் இறங்கிய பிறகும்தான் எடுப்பீர்கள். சுவரும் கொடிக்கயிறும் பாத்திரமும் எங்கோ கரைந்துபோய், கண் மட்டும் நம்மைப் பார்க்கும். முத்துலட்சுமி தன் படத்தைப் பார்த்துவிட்டு, "இம்புட்டு அழகாவா இருக்கேன் நான்?" என்று கேட்டுவிட்டு அழுதாள். பள்ளிவாசல் தெருவில் ஆம்பளை போட்டோகிராபரை உள்ளே விடாத வீடுகளிலிருந்து உங்களை வந்து கூப்பிட்டார்கள். சோழபுரத்திலிருந்து வண்டி கட்டி வந்து ஒரு கல்யாணப் பெண்ணை எடுக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். நீங்கள் தெருவில் நடந்துபோகிற நடையே மாறியிருந்தது மதினி. அம்மாகூடச் சொன்னாள், "எம் மருமக நிமிந்து நடக்கா" என்று.

அப்புறம் அண்ணன் வந்தது. வேலை போய், கையில் ஒன்றுமில்லாமல், திரும்பிப் போகப் போவதில்லை என்று வந்தது. ஸ்கூட்டர் சாமான் கடை வைக்கவேண்டும் என்று, கொண்டுவந்த ரேடியோ, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் விற்றது. அன்றைக்கு நீங்கள் ரேஷன் கடையிலிருந்து வந்து ஆணியைப் பார்த்தீர்கள்.

"காமிரா எங்கங்க?"

"குடுத்துட்டேன். கடைக்கு அட்வான்ஸ் கட்டணும்லா."

"என்கிட்ட ஒரு வார்த்த..."

"நான் கொண்டாந்த சாமான விக்க யார்ட்ட கேக்கணும்?"

சொல்லிவிட்டு, பேப்பரில் சுற்றிய ஒன்றை உங்கள் முன்னால் வைத்தது. "இந்த லென்ஸ மட்டும் வேண்டாம்னுட்டான். ரிப்பேராம்ல."

நீங்கள் சண்டை போடவில்லை. பேப்பரைப் பிரித்து, லென்ஸை முந்தானையால் துடைத்து, பீரோவில் வைத்தீர்கள். அடுப்படிக்குப் போய்விட்டீர்கள். அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை. உப்பில்லாமலே சாப்பிட்டுவிட்டு எழுந்தோம்.

அதற்குப் பிறகு நீங்கள் காமிராவைப் பற்றிப் பேசியதே இல்லை. கூப்பிட வந்தவர்களிடம் "இப்ப எடுக்கதில்லம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினீர்கள். அம்மா போய்ச் சேர்ந்தாள். எனக்குக் கல்யாணமாகி அடுத்த தெருவுக்கு வந்தேன். அண்ணன் கடை ஏதோ ஓடியது. நீங்கள் இளைத்துக்கொண்டே போனீர்கள். வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது முற்றிவிட்டது. மதுரையில் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

தெருவைப் பார்த்த அறையில்தான் கிடந்தீர்கள். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று ஜன்னலை ஒருக்களித்து வைத்திருந்தோம். ஒருநாள் காலையில், "அந்த லென்ஸ எடுத்துக் குடு பாக்கியம், கைல வச்சிருக்கேன்" என்றீர்கள். எடுத்துக் கொடுத்துவிட்டு, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பேண்டேஜ் துணியைக் கட்டிலோரம் மடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் லென்ஸை ஜன்னல் இடுக்குப் பக்கம் தூக்கிப் பிடித்தீர்கள். நான் மடித்த வெள்ளைத் துணியில் ஏதோ அசைந்தது. என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள்.

"ஏட்டி! தெரு தலைகீழா நடக்குதுட்டி!"

சைக்கிளில் போகிறவன், தண்ணீர்க் குடத்தோடு போகிறவள், வேப்பமரம், எல்லாம் தலைகீழாக, கலர் கலராக, அந்தத் துணியில். எத்தனையோ மாதம் கழித்து நீங்கள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் தினமும் காலையில் அதுதான் நமக்கு வேலை. சேதி பரவி, நீங்கள் படமெடுத்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். முத்துலட்சுமி தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். துணியில் கட்டைவிரல் அளவுதான் முகம் விழும். அதை நீங்கள் எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள்!

ஒருநாள் வந்து நின்றது ஒரு ஆம்பளை. உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

"யாருட்டி அது?"

"அண்ணன்."

அண்ணன் உங்கள் அறைக்குள் வந்தால் மருந்து வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு ஓடிவிடும். அன்றைக்குக் கடைக்குப் போகிற வழியில், யாரும் கூப்பிடாமல், தானாக வந்து ஜன்னலுக்கு எதிரே நின்றது. உள்ளே நாம் பார்ப்பது அதற்குத் தெரியுமா, தெரியாதா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"துணியக் கொஞ்சம் கிட்ட கொண்டா. இன்னும் கொஞ்சம். அங்கதான். அசையாத."

நான் அசையாமல் பிடித்திருந்தேன். அண்ணனின் முகம் துணியில் தெளிந்து வந்தது.

"காதோரம் நரச்சிப் போச்சே இவியளுக்கு" என்றீர்கள்.

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தது. திரும்பத் திரும்பத் துடைத்தது.

"உள்ள கூப்பிடட்டுமா மதினி?"

"வேண்டாம். உள்ள வந்தா மூஞ்சிய மாத்திக்கிடுவாவ. இன்னும் செத்த நேரம் அங்கனயே நிக்கட்டும்."

அந்த வாரமே நீங்கள் போய்விட்டீர்கள்.

மதினி, அதற்குப் பிறகு நான் அண்ணனோடு பேசவில்லை. மத்தியானம் சாப்பிட என் வீட்டுக்குத்தான் வருகிறது. இலையைப் போடுவேன், சோற்றை வைப்பேன், அடுப்படிக்குப் போய்விடுவேன். அதுவும் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடும். உங்களை நிமிர்ந்து நடக்கவிடாமல் செய்தவனோடு எனக்கு என்ன பேச்சு என்றிருந்தேன். வீட்டில் மாட்டுவதற்கு உங்கள் படம் தேடியபோதுகூட நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நான் ஒருதடவை உங்களை எடுத்தேனே, கண்ணுக்குப் பதிலாகத் தலையில் இருந்த பிச்சிப்பூ தெளிவாக விழுந்ததே, அதைத்தான் அண்ணன் பெரிதாக்கி மாட்டியிருக்கிறது. கண்ணைத் திருத்தி வரைந்து தருகிறேன் என்று ஒருவர் சொன்னாராம். வேண்டாம் என்றுவிட்டதாம்.

நேற்று பஜாரில் செல்லத்துரையைப் பார்த்தேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். "உங்க அண்ணன் அந்தக் காமிராவத் தேடி அலையுதாரும்மா. வாங்குனவன் கைமாத்தி விட்டுட்டான். கோவில்பட்டி, திருநெல்வேலின்னு ஒவ்வொரு கடையா ஏறி எறங்குதாரு. நான் வேற காமிரா தாரேன்னேன். வேண்டாம், அதுதான் வேணுங்காரு."

அது கிடைக்காது மதினி. கிடைத்தாலும் யார் எடுக்கப் போகிறார்கள்? அது அண்ணனுக்கும் தெரியும். தெரிந்துதான் அலைகிறது. வீட்டுக்கு வந்து லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் அண்ணனை மன்னித்தீர்களா? நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தீர்கள், அது மட்டும் எனக்குத் தெரியும்.

நாளை மத்தியானம் அண்ணன் வரும். சோற்றை வைத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போகமாட்டேன். எதிரே உட்காருவேன். "எங்கெங்க தேடுன அண்ணே?" என்று கேட்பேன். அது சொல்லி முடிக்கிறவரைக்கும் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
நாத்தனார் பாக்கியம்